அடியில் மங்கிய சிவப்பு

படத்தில் ஒரு பொருள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டிய நாள் உங்கள் எல்லோருக்கும் வரும். இருப்பதைச் சொல்வது எளிது, விரலை வைத்துக் காட்டிவிடலாம். இல்லாததைச் சொல்வதுதான் கஷ்டம். அது உண்மையிலேயே அங்கே இல்லையா, அல்லது நம் கண்ணுக்குத் தப்பிவிட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவேண்டும். நுண்ணோக்கியை இயக்குவது பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த கருவிகள் என்னைவிட உங்களுக்குத்தான் பழக்கம். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

குன்னூருக்குக் கீழே இருந்த எங்கள் ஆய்வுக்கூடம் தேயிலைக்காக ஏற்பட்டது. கொழுந்தில் கொப்புளம் போடும் பூஞ்சை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அது இறங்கினால் ஒரு மலைச்சரிவே கருகிவிடும். அந்தப் பூஞ்சை இலைக்குள் எப்படித் துளைத்து நுழைகிறது என்று பார்ப்பதற்காக, தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த சில வருடங்களில் தோட்ட உரிமையாளர்கள் சேர்ந்து எங்களுக்கு ஓர் உயர்பிரிதிறன் ஒளி நுண்ணோக்கியை வாங்கிக் கொடுத்தார்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒளியின் அலைநீளத்தில் பாதியைவிட நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள் அதில் ஒன்றாகக் கலந்து ஒரே திட்டாகத் தெரியும். கண்ணாடியை எவ்வளவு தேய்த்தாலும் அது மாறாது என்றுதான் நான் கல்லூரியில் படித்தேன். புதிய கருவி அந்த எல்லையைத் தாண்டியது. கோடுகோடான ஒளியைப் பாய்ச்சி, பல படங்கள் எடுத்து, கணக்குப் போட்டு, திட்டைப் பிரித்துக் காட்டியது. முதல்முதலாக அதில் ஒரு செல்லைப் பார்த்த அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை.

பிறகு விலை விழுந்தது. பறிகூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று சிறு விவசாயிகள் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். பந்தலூர்ப் பக்கம் சில எஸ்டேட்டுகளில் ஃபேக்டரியைப் பூட்டினார்கள். எங்களுக்கு வரவேண்டிய சந்தா நின்றது. ஆட்களைக் குறைத்தோம். கடைசியில், இந்தக் கருவியைச் சமவெளியில் இருக்கும் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று முடிவுசெய்ய ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மாத்யூ எங்களிடம் ஒரு சிறு குப்பியை அனுப்பினார். கூடலூரில் நெஞ்சக நோய் பார்ப்பவர் அவர். குப்பியில் இருந்தது நெல்லியாளம் பக்கத்தில் இருந்த தவமணி என்ற பெண்ணின் மூக்கிலிருந்து சிறு தூரிகையால் சுரண்டி எடுத்த செல்கள்.

தவமணி பிறந்ததிலிருந்தே இருமுகிறவள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவளும் அவள் அம்மா ராசம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்கள். நெஞ்சுப் படத்தில் நிழல் விழுந்ததால் அவளுக்கு முன்பே இரண்டு தடவை காசநோய் மருந்து கொடுத்திருந்தார்கள். சளியில் கிருமி ஒருமுறையும் தென்படவில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிக்கட்டியில் இருந்த அவள் கணவன் வீட்டார் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பால்குடி மறந்த பெண்குழந்தையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் குழந்தையை வாசலில் நின்றுதான் பார்த்துவந்தாள்.

மாத்யூவுக்கு வேறு சந்தேகம். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் குற்றிழைகள் என்று கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் புல்வெளி மாதிரி அடர்ந்து நிற்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து வீசி, சளியையும் தூசியையும் மேலே தள்ளுகின்றன. பிறவியிலேயே அவை சரியாக வீசாதவர்களுக்குச் சளி நெஞ்சிலேயே தங்கிப் புண்ணாகும். அது ஒட்டுகிற நோய் அல்ல. ஆனால் சமவெளியிலிருந்த பெரிய மருத்துவமனை ஒன்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, தவமணியின் இழைகளில் குறையில்லை என்று சொல்லிவிட்டது. இழைகள் அசையவும் செய்தன. அசைகிறதே, அப்புறம் என்ன என்று கேட்டார்கள்.

"அசையுது. பட்சே விறைப்பா அசையுது மேடம். வேகமா அடிக்குது, சளி நகரல," என்றார் மாத்யூ போனில், மலையாளம் கலந்த தமிழில். "உங்க மெஷின்ல ஒண்ணு பாத்துத் தர முடியுமா?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போது என்னோடு மிஞ்சியிருந்தவன் பிரபு. கோத்தகிரிப் பக்கத்துப் பையன், அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. அந்த வருடம் அவன் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. குற்றிழையை வீசவைக்கும் மோட்டார் புரதங்களில் ஒன்றுக்குப் பச்சைச் சாயமும், இன்னொன்றுக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றினான். முதலில் நல்ல உடம்புள்ளவர்களின் செல்களைப் பார்த்தோம். என்னுடையது, அவனுடையது, இன்னும் சிலருடையது. பழைய நுண்ணோக்கியில் இழைகள் நெருக்கமாக நிற்பதால் எல்லாம் சேர்ந்து ஒரே மூட்டமாகத் தெரியும். இதில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக நின்றது. சிவப்பு அடியிலிருந்து நுனிவரை ஓடியது. பச்சை அடிப்பகுதியில் மட்டும் நின்று, பாதி தூரம்கூடப் போகாமல் முடிந்தது. ஒரே இழையில் நீளம் முழுக்க ஒரு மோட்டார், அடியில் மட்டும் கூடவே இன்னொன்று. அதை அதற்குமுன் யாரும் பார்த்துச் சொன்னதாக நாங்கள் படித்ததில்லை.

பிறகு தவமணியின் செல்களை வைத்தான். அவளுடைய இழைகளில் பச்சை அறவே இல்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கி ஏன் ஏமாந்தது என்பது அந்தப் படத்தைப் பார்த்ததும் விளங்கியது. அதில் இழையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள். மோட்டார்கள் சின்னக் கைகளாகத் தெரியும். எந்தக் கை எந்தப் புரதம் என்று அதில் அடையாளம் இருக்காது. வெட்டு அடியில் விழுந்ததா மேலே விழுந்ததா என்பதும் தெரியாது. மேலே எல்லாம் சரியாக இருந்து அடியில் மட்டும் குறையுள்ள நோய் அந்தக் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பிரபு இயக்குநரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். நல்ல மனிதர் அவர். ஆட்களை நிறுத்தவேண்டி வந்தபோது ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னவர்.

"கமிட்டி நாளைக்கு வருது. இதைத்தான் காட்டப்போறோம்," என்றார். "நீங்க ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மருத்துவத்துக்கே உதவுற கருவின்னு தெரிஞ்சா யாரும் கைவைக்க மாட்டாங்க."

அவர் போன பிறகு நான் மறுபடியும் உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். எதுவோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இந்த வேலையில் அப்படி உறுத்தும்போது எழுந்து போய்விடாதீர்கள். அதற்குமேல் அறிவுரையாக எனக்கு எதுவும் தெரியாது.

"பிரபு, பச்சையை அணைச்சிட்டு சிவப்பை மட்டும் காட்டு."

"சிவப்பு நல்லாத்தானுங்க இருக்கு மேடம். பல தடவை பாத்துட்டேனுங்க."

"காட்டு."

அவன் அணைத்தான். கறுப்புத் திரையில் சிவப்பு இழைகள் மட்டும் நின்றன. நுனி பிரகாசமாக இருந்தது. கீழே வரவர மங்கி, அடியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எங்கள் செல்களில் சிவப்பு அடிவரை அழுத்தமாக இருந்ததே. பிரபு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவன் முகம் சுருங்கியது.

"அடியில சிவப்பும் இல்லீங்க மேடம்."

"சிவப்பு இருந்தே ஆகணும். அது இல்லாட்டி இழை அசையவே அசையாது. மாத்யூ அசையுதுங்கறார்."

"அப்ப சாயம் உள்ள போகலீங்க."

அதுதான். அவளுடைய இழைகளுக்கிடையில் சளி அடைந்திருக்கும். சாயம் மேலே பிடித்துவிட்டு அடிக்குப் போக வழியில்லாமல் நின்றிருக்கும். அல்லது குப்பி நெல்லியாளத்திலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்து சேர்வதற்குள் செல்கள் அடியில் சிதைந்திருக்கும். எங்கள் செல்களோ பக்கத்து அறையில் எடுத்து உடனே பதப்படுத்தியவை. இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டதே சரியில்லை. பச்சை இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"முதற்கட்ட முடிவுன்னு ஒரு வரி சேர்த்துக்கங்க. உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க."

"கேட்க மாட்டாங்க சார். ஆனா டாக்டர் அதை நம்பி அந்தப் பொண்ணோட புகுந்த வீட்டுல போய்ச் சொல்லுவார். அவங்க குழந்தையைக் குடுத்துருவாங்க. அவளுக்கு இருக்கறது நிஜமாவே காசநோயா இருந்தா?"

"கமிட்டிக்கு மட்டும் காட்டலாம். டாக்டருக்குச் சொல்ல வேண்டாம்."

"அவருக்குச் சொல்லத் தகுதியில்லாததைக் கமிட்டிக்கு எப்படி சார் சொல்றது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கருவி போச்சுன்னா பிரபுவுக்கு இங்க வேலையில்லை. அது உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். அந்த அறையில் நின்றிருந்தது இன்றைக்கும் என் உடம்புக்கு நினைவிருக்கிறது. தவமணியை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை. பிரபுவின் அம்மா எனக்குப் பலாச்சுளை கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மறுபடி செல்கள் எடுக்கவேண்டும் என்று மாத்யூவைக் கூப்பிட்டேன். அவர் தயங்கினார். தோட்டத்தில் வேலை இல்லாததால் தவமணி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், நாளன்றைக்குக் காலையில் பஸ் என்றார். அப்படியானால் நாளைக்கே போகவேண்டும். நாளை போனால், செல்களைப் பதப்படுத்தி, சாயமேற்றி, படமெடுப்பதற்குள் குழு வந்து போய்விடும். கையெழுத்து இல்லாமல்தான் இயக்குநர் அவர்கள்முன் உட்காரவேண்டும். பூஞ்சைப் படங்களைக் காட்டும்படி பிரபுவிடம் சொல்லிவிட்டு நான் விடிந்ததும் கிளம்பினேன். அவன் பதப்படுத்தும் திரவத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தான்.

கூடலூரில் மாத்யூ ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பூட்டிய ஃபேக்டரியைத் தாண்டிப் போனோம். தேயிலைச் செடிகள் கவாத்து வெட்ட ஆளில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் தவமணி ஒரு பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். பேசுவதற்கு முன்னால் ஒருமுறை இருமிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

"போன தடவை நோண்டுனதே இன்னும் எரியிதுங்க. மறுபடியுமா?"

"ஆமாம்மா. போன தடவை எடுத்ததை எங்களால நம்ப முடியல."

"என்னா வந்திச்சு அதுல?"

மாத்யூ என்னைப் பார்த்தார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "காசநோய் இல்ல, வேற ஒண்ணுன்னு காட்டுற மாதிரி வந்துச்சு. ஆனா சரியா எடுக்கலைன்னாலும் அதே மாதிரிதான் வரும்."

ராசம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வந்தத வச்சுக்கிட்டு நல்லதாச் சொல்லிட்டுப் போறதுதானங்களே. நீங்களே ஏன் அத இல்லேங்கறீங்க?"

"இல்லன்னு சொல்லலம்மா. தெரியலைன்னு சொல்றேன்."

தவமணி பையின் வாரை இழுத்துக் கட்டினாள். "அந்த வேற ஒண்ணா இருந்தா, அதுக்கு மருந்து இருக்குதுங்களா?"

"குணமாக்குற மருந்து இல்ல. சளியை அப்பப்ப வெளியேத்திக்கிட்டே இருக்கணும். காய்ச்சல் வந்தா உடனே மாத்திரை. ஆயுசுக்கும் அப்படித்தான்."

"அப்ப எனக்கு எதுக்குங்க அது?"

அந்தக் கேள்வி நியாயமானது. விஞ்ஞானத்துக்கு நல்லது, உன்னைப்போல மற்றவர்களுக்கு உதவும் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவையும் பொய்யல்ல. ஆனால் அவள் கேட்டது தனக்கு எதுக்கு என்று.

"உன் குழந்தைக்கு உன்கிட்டேருந்து ஒட்டுமா, ஒட்டாதான்னு சொல்றதுக்கு," என்றேன்.

அவள் கையை நிறுத்தினாள்.

"தப்பாச் சொல்லிப்புட்டீங்கன்னா?"

"அந்த பயத்துலதான் வந்திருக்கேன்."

அவள் பையைத் தள்ளி வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். "எடுத்துக்கங்க."

"கொஞ்சம் எரியும், சாரமில்ல, பரவாயில்ல," என்று மாத்யூ தூரிகையை எடுத்தார். அவள் கண்ணில் நீர் கோத்தது, தலையை அசைக்கவில்லை. எடுத்த செல்களை அங்கேயே திரவத்தில் கழுவிச் சளியைக் கரைத்து, அந்த இடத்திலேயே பதப்படுத்தினேன். பிறகு ராசம்மாவைக் கூப்பிட்டேன்.

"எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்கறதாலதாம்மா வேணும். ஒரே வீட்டுல, ஒரே நேரத்துல எடுத்து, ஒரே வழியில கொண்டுபோனாத்தான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நான் திரும்பி வரும்போது குழு வந்து போயிருந்தது. இயக்குநர் தன் அறைக்கதவைச் சாத்தியிருந்தார். பிரபு மட்டும், "பூஞ்சை படம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க மேடம்," என்றான். அவன் சொன்ன விதத்திலேயே முடிவு தெரிந்தது.

அம்மா, மகள் இருவரின் செல்களுக்கும் ஒரே கண்ணாடியில், ஒரே புட்டியிலிருந்து சாயமேற்றினோம். எது யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியாதபடி அலுவலகத்தில் ஒருவரைப் பெயரை மறைத்துவைக்கச் சொன்னேன். முதலில் சிவப்பை மட்டும் பார்த்தோம். இரண்டிலும் அடிமுதல் நுனிவரை சீராக ஓடியது. எங்கேயும் மங்கல் இல்லை. சாயம் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு பிரபு பச்சையைப் போட்டான். ஒன்றில் இழைகளின் அடிப்பகுதி முழுதும் பச்சை பிடித்து எரிந்தது. மற்றதில் ஒரு பொட்டுக்கூட இல்லை. எத்தனையோ செல்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம். பெயரைத் திறந்தபோது, பச்சை இல்லாதவள் தவமணி.

முதல் படம் சொன்னதையேதான் இரண்டாவது படமும் சொன்னது. அப்படியென்றால் முதலிலேயே கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். பிரபுவுக்கும் தோன்றியது. கேட்டான். முதல் படம் சரியான விடையைத் தற்செயலாகச் சொன்னது, அதை நம்பினால் அடுத்த பெண்ணுக்கும் அப்படித்தான் சொல்லும், அவளுக்குப் பச்சை இருந்தாலும், என்று பதில் சொன்னேன். அவன் ஏற்றுக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. அன்று கையெழுத்துப் போட்டேன்.

கருவியைச் சில வாரங்களில் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து, லாரியில் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினார்கள். பிரபு பெங்களூரில் வேறு வேலைக்குப் போனான். அவன் அப்பா தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார். எங்களிடம் இருந்ததோ ஒரு குடும்பத்தின் படங்கள்தான். இன்னும் நோயாளிகளைப் பார்த்து எழுதக் கருவி இல்லை. அந்த மோட்டார் புரதம் அடிப்பகுதியில் மட்டும் நிற்கிறது என்ற உண்மை பிறகு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து, எங்களுடையதைவிட விரிவாகவும் திருத்தமாகவும் வெளிவந்தது. அதில் எங்கள் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அந்தக் கட்டுரையை வாசித்த அன்று எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

லாரி போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாத்யூவும் நானும் பிக்கட்டிக்குப் போனோம். தவமணி திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். அவள் கணவன் முருகேசன் காய்கறி வேன் ஓட்டுகிறவன். அவனுடைய அம்மா சரசம்மாதான் வீட்டில் எல்லாம். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். எங்களை உள்ளே உட்காரச் சொன்னார். தவமணி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். குழந்தை கயல் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்றவளை எட்டிப் பார்த்தது.

மாத்யூ படத்தைக் காட்டி விளக்கினார். பச்சை இருப்பது ராசம்மா, இல்லாதது தவமணி. சரசம்மா இரண்டையும் கையில் வாங்கி, ஜன்னலோரம் போய், நிதானமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, ரெண்டு ஆஸ்பத்திரில டிபின்னு மருந்து குடுத்தாங்களே. அவிங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"அவங்க கையில இருந்த கருவியில இது தெரியாதுங்க. சளியில கிருமி அன்னைக்கும் இல்ல, இப்பவும் இல்ல. நிழல் எதனாலன்னுதான் யாருக்கும் புரியாம இருந்துச்சு," என்றேன்.

"நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இதுவும் தப்புன்னு சொன்னா?"

"இதைத் தப்பான்னு நாங்களே ஒருதடவை சந்தேகப்பட்டு, மறுபடி எடுத்துப் பாத்துட்டுத்தான் வந்திருக்கோம்."

அவர் முருகேசனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"குழந்தைக்கு ஒட்டாதுங்களா?"

"ஒட்டாது. ஒரே தட்டில சாப்பிட்டாலும் ஒட்டாது," என்றார் மாத்யூ. "ஆனா இவளுக்கு இது போகாது. தினமும் காலையில கவுந்து படுக்க வச்சு முதுகில தட்டிச் சளியை எடுக்கணும். அங்க இவ அம்மா தட்டினாங்க. திருப்பூர்ல யாரும் இல்ல. ஒருநாள் விட்டாலும் சளி கட்டும். யாராவது செய்யணும்."

தவமணி வெளியே இரும ஆரம்பித்தாள். வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கித் தள்ளிப் போகப் பார்த்தாள். சரசம்மா அவள் இருமி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். அந்த முகத்தில் பயம் முழுக்கப் போய்விடவில்லை. அதை நான் பார்த்தேன்.

பிறகு படங்களை அலமாரிமேல் வைத்துவிட்டு, மூலையிலிருந்த பாயை எடுத்து உதறிக் கூடத்தில் விரித்தார்.

"உள்ள வா," என்றார் தவமணியிடம்.

அவள் வந்தாள். கவிழ்ந்து படுத்தாள். சரசம்மா பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். கையைத் தூக்கியவர், தொடாமல் மாத்யூவைத் திரும்பிப் பார்த்தார்.

"கையை எப்படீங்க வெக்கோணும்? காட்டுங்க."

உள்ளங்கையைக் குழித்து, தண்ணீர் அள்ளுவதுபோல் வைக்கவேண்டும் என்று மாத்யூ காட்டினார். சரசம்மா அதேபோல் கையைக் குழித்து, மருமகளின் முதுகில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். கயல் சேலையை விட்டுவிட்டுப் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.